வடக்குச் சுவரின் ஏழு கண்ணாடிகள்

மணிக்காரம்மா நண்பகல் மணியை அடித்து முடித்ததும் கயிற்றை உடனே விட்டுவிட மாட்டாள். விட்டால் மேலே மணி தானாக ஆடி, கூடுதலாக ஒரு அடி அடித்துவிடும். கடைத்தெருவில் இருப்பவர்கள், "என்னம்மா, இன்னிக்கு ஒண்ணு போனஸா?" என்று கேலி செய்வார்கள். அதனால் இரண்டு கைகளாலும் கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டு, கோபுரத்துக்குள் ரீங்காரம் அடங்கும் வரை நிற்பாள். அந்த நேரத்தில் தேவாலயத்துக்குள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். உயரமான சன்னல்கள் வழியாக வெயில் இறங்கித் தரையில் அசையாமல் கிடக்கும். ரீங்காரம் தேய்ந்து தேய்ந்து, இனி இல்லை என்று ஆன பிறகுதான் அது கேட்கும்.

டிக்.

யாரோ நகத்தைச் சொடுக்கினாற்போல ஒரு சின்னச் சத்தம். வடக்குச் சுவரில் இருந்து வரும்.

முன்பெல்லாம் அது வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் கேட்டது. பிறகு மாதத்துக்கு ஒன்றானது. இந்த மழைக்காலம் முடிந்ததிலிருந்து வாரம் தவறாமல் கேட்கிறது. கேட்டதும் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. கயிற்றை ஆணியில் சுற்றிவிட்டு, ஏணியை எடுக்கப் போவாள்.

அவள் இந்தக் கோவிலுக்கு வந்தது இருபத்தோரு வயதில், கோயில்பிள்ளையின் மனைவியாக. மணி அடிப்பது, கதவு திறப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பெருக்குவது, துடைப்பது, இத்தனையும் செய்கிற ஒருவருக்குத்தான் கோயில்பிள்ளை என்று பெயர். சம்பளத்தோடு வீடும் உண்டு. வீடு என்றால் இரண்டு அறை. வடக்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் சாய்ப்பாக இறக்கிக் கட்டியது. கோவிலுக்கு வடக்குச் சுவராக இருப்பதுதான் அவர்கள் வீட்டுக்குப் பின்சுவர். வேலை இருக்கும் வரை வீடு இருக்கும். வேலை போனால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான்.

கணவர் பயந்த சுபாவம். கோவிலில் எது உடைந்தாலும் கோயில்பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் எலும்பில் ஊறிப்போயிருந்தது. ஒரு விளக்குக் கண்ணாடியில் கீறல் விழுந்தாலும் இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்காது.

கோவிலை ஒரே மூச்சில் கட்டவில்லை. முதலில் கட்டியது நடுக்கூடமும் பீடமும். சுவர்கள் ஓர் ஆள் கை நீட்டினால் எவ்வளவோ அவ்வளவு தடிமன். பார்த்தால் முழுக் கல் போலத் தெரியும். உண்மையில் உள்ளே ஒரு கல்வரிசை, வெளியே ஒரு கல்வரிசை. நடுவில் சுண்ணாம்பும் உடைகல்லும் கொட்டி நிரப்பியிருந்தார்கள். முப்பது வருடம் கழித்து இன்னொரு மேஸ்திரி வந்து வடமேற்கு மூலையில் கோபுரத்தை எழுப்பினார். அவரும் இங்கேதான் இருக்கிறார். வடக்குச் சுவர் ஓரமாக, தரையோடு தரையாக, ஒரு கறுப்புக் கல்லுக்கு அடியில். கல்லில் இருந்த எழுத்தெல்லாம் நடந்து நடந்து தேய்ந்துவிட்டது. மணிக்காரம்மாவுக்கு அவர் 'பெரியவர்'. பெருக்கும்போது, "பெரியவரே, காலைக் கொஞ்சம் மடக்குங்க" என்பாள். ஆரம்பத்தில் அது விளையாட்டாகத்தான் இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால், கோபுரம் சுவரோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல் தெரிந்தது. பொறியாளர் ஒருவர் வந்தார். மோதிர விரல் நீளத்துக்கு ஏழு மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் கொண்டுவந்து, விரிசலுக்குக் குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்றாக இடைவெளி விட்டு வெள்ளைச் சாந்தால் ஒட்டினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு வண்ணத்தில் அன்றைய தேதியை எழுதினார். பிறகு அப்போதிருந்த சாமியாரோடு வெளியே நின்று வெகுநேரம் பேசினார். கோயில்பிள்ளையிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஒட்டடை அடிக்கறப்ப கவனம். அது மேல கை படக் கூடாது."

நாலாம் மாதம் கீழிருந்து இரண்டாவது கண்ணாடி நடுவில் பிளந்திருந்தது.

"நான் தொடவே இல்லடி," என்று கணவர் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "நேத்து ஒட்டடை அடிச்சேன்தான். ஆனா அந்தப் பக்கம் போகவே இல்லை."

"அதை சாமிகிட்டச் சொல்லுங்களேன்."

"யார் நம்புவா? ஒட்டடைக்கோல் என் கையிலதானே இருந்துச்சு."

படச்சட்டக் கடையில் அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்தார். சாந்து குழைத்து ஒட்டினார். சிவப்பு வண்ணத்தில் அதே பழைய தேதியை, அதே கோணல் எழுத்தில் எழுதினார். அந்தக் காரியத்தில் அவருக்கு நல்ல கை. உடைந்த துண்டுகளைக் குப்பையில் போட்டால் யார் கண்ணிலாவது படும். அதனால் அன்று காலை கிழித்த நாட்காட்டித் தாளிலேயே அவற்றை மடித்து, எந்தக் கண்ணாடி என்று பின்பக்கம் எண் போட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அடுத்த முறை அதே அளவுக்கு வெட்ட வேண்டுமே, அதற்குத்தான் அந்த எண்.

அடுத்த முறை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. "யாரோ நம்மள இங்கேருந்து கிளப்பப் பார்க்கறாங்க," என்றார். கதவுகளை எல்லாம் பூட்டிவிட்டு ஒரு பகல் முழுதும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணெதிரே, தொடுவார் யாரும் இல்லாமல், ஐந்தாவது கண்ணாடி டிக் என்று உடைந்தது. அதன் பிறகு அவர் 'யாரோ' என்று சொல்வதை விட்டுவிட்டார். அந்தக் கறுப்புக் கல்லை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்.

ஐந்து வருடத்துக்கு முன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். போவதற்கு முன் சுயநினைவோடு சொன்னது, மகளைப் பற்றிக்கூட இல்லை. "கண்ணாடி உடைஞ்சா மாத்திடு. விட்டுடாதே. வீடு போயிடும்." புதிதாக வந்த இளம் சாமியார் நல்லவர். வேலையை அவளுக்கே கொடுத்தார். ஒரு பெண் மணியடிப்பதை ஊர் இரண்டு வாரம் வேடிக்கை பார்த்தது. அப்புறம் அவளுக்கு மணிக்காரம்மா என்று பெயர் வைத்து ஓய்ந்தது. பொறியாளர் வருடத்துக்கு ஒரு முறை வருவார். கீழே நின்று கைவிளக்கை அடித்து ஏழையும் பார்ப்பார். குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போவார். அவர் போகும் வரை அவள் துடைத்த பெஞ்சையே துடைத்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம்தான் எல்லாம் ஒரு மாதிரியாக ஆனது.

வாசலில் சுவரோடு பதித்த கல்கிண்ணத்தில் புனித நீர் ஊற்றினால், ஒரு பக்கம் விளிம்பு வரை நிற்கிறது, மறுபக்கம் ஒரு விரல் குறைகிறது. வடக்கு வாசல் கதவைத் தச்சர் மூன்று முறை இழைத்துவிட்டார். "இனிமே இழைச்சா கதவு இருக்காது, சன்னல்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். தரை முழுதும் காய்ந்து கிடக்கும்போது கறுப்புக் கல் மட்டும் வியர்த்திருக்கிறது. துடைத்தால் மறுபடியும் வியர்க்கிறது. அதைத் தொட்ட கை வெகுநேரம் சூடேற மாட்டேன் என்கிறது.

வீட்டிலும் அப்படித்தான். மகள் தையல்காரி. பின்சுவர் ஓரமாக இயந்திரத்தைப் போட்டுத் தைப்பாள். அவள் கையிலிருந்து நூல்கண்டு நழுவினால் அது வாசல் பக்கம் போனதே இல்லை. மெல்ல, வழி தெரிந்ததுபோல உருண்டு, சுவரின் அடியில் போய் நிற்கும்.

"அம்மா, இந்த வீட்டுல விழறதெல்லாம் அங்கேயே போகுது பாரேன்," என்றாள் மகள். "உன் பெரியவர் நூல் கேக்கறார் போல. சட்டை கிழிஞ்சிருக்கும்."

"சும்மா இரு. விளையாட்டா அது?"

"பின்ன என்ன? கறுப்புத் துணியை வெட்டி வச்சா, காலையில அது மேல சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கு. துணிக்காரி என்னைத்தான் திட்டறா."

மகள் படுப்பதும் அந்தச் சுவர் ஓரத்தில்தான். மணிக்காரம்மா துணியில் கிடந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். மறுநாள் நண்பகலில், மணியடித்து, டிக் கேட்ட பிறகு, கறுப்புக் கல்லின் தலைமாட்டில் போய் நின்றாள்.

"பெரியவரே, என்னதான் வேணும் உங்களுக்கு? நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணோம்?"

மேலே இன்னொரு கண்ணாடி டிக் என்றது.

கோவிலுக்கு இருநூறாவது வருடம் பிறந்தது. பழைய மணியைப்போல இரண்டு மடங்கு எடையில் புதிய மணி வார்க்கப்பட்டு, மரப்பெட்டியோடு முற்றத்தில் வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோபுரத்தில் ஏற்ற வேண்டும். அன்றைக்குப் பாடகர் குழுவுக்கு வடக்குச் சுவர் ஓரமாகப் பெஞ்சு போட ஏற்பாடு. கட்டடம் தாங்கும் என்று பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அவர் வியாழக்கிழமை காலையில் வந்தார். பதினோரு வருடத்தில் தலை நரைத்துவிட்டது. கீழே நின்று கைவிளக்கை அடித்தார். ஏழும் பளபளவென்று முழுசாக இருந்தன. அதில் மூன்று, முந்தின வாரம் அவள் மாற்றியவை.

"ஒரு கீறல் இல்லை ஃபாதர். உங்க சுவர் மலை மாதிரி நிக்குது. மதியம் தாளைக் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன். இனிமே வருஷா வருஷம் நான் வர வேண்டியதில்லை."

சாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பூசை உடுப்பு வைக்கிற அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மணிக்காரம்மா காபி கொண்டுபோனாள். இத்தனை வருடம் கேட்காததை அன்றைக்கு ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. இனி இவர் வரவே மாட்டார் என்ற நிம்மதியாக இருக்கலாம்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கண்ணாடியெல்லாம் எதுக்கு?"

"அதுவா? உடையறதுக்கு வச்சதும்மா."

"உடையறதுக்கா?"

"ஆமா. விரிசலுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கு பாருங்க. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது, டக்னு உடைஞ்சிடும். உடைஞ்சா சுவர் நடக்குதுன்னு அர்த்தம். நல்லவேளை, உங்க சுவர் படுத்துத் தூங்குது."

அவள் காபித் தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் மகள் தைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடியில் வெள்ளையாகத் தூள். மணிக்காரம்மா அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். முப்பது வருடமாகப் பார்க்கிற சுவர்தான். அது இப்போது வேறு மாதிரி தெரிந்தது. கண்ணை எடுத்தால் ஓர் அடி முன்னால் வந்துவிடும்போல.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்ல. நீ அந்தப் பக்கம் தள்ளி உட்காரு."

சொன்னால் வேலை போகும். வீடு போகும். பதினோரு வருடமாகப் பொய்த் தேதி எழுதிய குடும்பம் என்று ஊர் கைகொட்டிச் சிரிக்கும். இறந்துபோனவர் பெயரும் சேர்ந்து நாறும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. கட்டிலுக்கு அடியில் இருக்கிற டப்பாவைத் தவிர.

பன்னிரண்டு ஆனது. அவள் போய்க் கயிற்றைப் பிடித்தாள். கை மேலே போனது. இழுக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் தான் இழுத்தது மணியை மட்டும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவள் கயிற்றை விட்டுவிட்டாள்.

அன்று நண்பகல் மணி அடிக்கவில்லை. கடைத்தெருவில் இரண்டு பேர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். சாமியார் எழுந்து, "என்ன ஆச்சு இந்தம்மாவுக்கு?" என்று கதவைத் திறந்தபோது, அவள் பிஸ்கட் டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எதிரே நின்றிருந்தாள்.

"சாமி, கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க."

டப்பாவை மேசைமேல் கவிழ்த்தாள். சின்னச் சின்னப் பொட்டலங்கள். பொறியாளர் ஒன்றைப் பிரித்தார். உடைந்த கண்ணாடி, ஓரத்தில் அவர் எழுதிய சிவப்புத் தேதி. இன்னொன்றைப் பிரித்தார். அதே தேதி. மூன்றாவதும் அதே தேதி. அவருக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"பதினோரு வருஷமா?" என்றார் சாமியார். அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. "ஜனங்களை அந்தச் சுவருக்கு அடியில உட்கார வச்சுட்டு..."

"நாங்கதான் உடைச்சோம்னு சொல்லுவாங்கன்னு பயந்துட்டோம் சாமி."

பொறியாளர் இருவரையும் கவனிக்கவில்லை. அவர் கண்ணாடியை ஒதுக்கிவிட்டு, கசங்கிய நாட்காட்டித் தாள்களை ஒவ்வொன்றாக நீவி, தேதி வரிசையில் தரையில் பரப்பிக்கொண்டிருந்தார். மேசை போதவில்லை. சுவரிலிருந்து கதவு வரை தாள்கள் நீண்டன. ஆரம்பத்தில் ஒரு தாளுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆறு மாதம். அப்புறம் மூன்று. கதவுக்குக் கிட்டே வரவர நாள் கணக்கு. பின்பக்கத்து எண்களையும் புரட்டிப் பார்த்தார்.

"கீழே ஆரம்பிச்சிருக்கு," என்றார் மெதுவாக. "இப்போ மேல வரைக்கும் வந்துடுச்சு. நானே கணக்கு வச்சிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா நாள் குறிச்சிருக்க மாட்டேன்." பிறகு நிமிர்ந்து சாமியாரைப் பார்த்தார். "அவங்களை ஏன் திட்டறீங்க ஃபாதர்? ஒரு தடவை நான் ஏணி ஏறிப் பார்த்திருந்தா, சாந்து பச்சையா இருக்கறது தெரிஞ்சிருக்கும்."

அவர் சட்டென்று வடக்குப் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் ஒரு சாய்ப்பு இருக்கே, அதுல யார் இருக்கா?"

"என் பொண்ணு," என்றாள் மணிக்காரம்மா.

அவர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

அன்று மாலைக்குள் தையல் இயந்திரமும் கட்டிலும் பாத்திரங்களும் தெருவைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குப் போயின. கோவிலைப் பூட்டினார்கள். வடக்குப் பக்கம் யாரும் போகாதபடி கயிறு கட்டினார்கள். முட்டுக் கொடுக்க மரம் வர வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார்கள். ஊரில் பாதிப் பேர், "நாலு கண்ணாடி உடைஞ்சதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார்கள். சாமியார் அவளோடு பேசவில்லை. மகளும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஒரு வார்த்தை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? பக்கத்துல படுத்துக்கிட்டுதானே இருந்தே," என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பதாம் நாள், வெயில் உச்சியில் இருந்தபோது, மணி ஒரு முறை அடித்தது. கயிற்றைப் பிடிக்க உள்ளே யாரும் இல்லை. கடைத்தெருவில் எல்லோரும் கேட்டார்கள். அடுத்த நொடி வடக்குச் சுவரின் வெளிக் கல்வரிசை, யாரோ சட்டையைக் கழற்றிப் போட்டதுபோல, அப்படியே வழுக்கி இறங்கி வீட்டின் மேல் உட்கார்ந்தது. தையல் இயந்திரம் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் கல்.

ஆனால் ஊர் வாயடைத்து நின்றது அதைப் பார்த்து இல்லை. சுவரின் நடுவே கொட்டி நிரப்பியிருந்த உடைகல்லுக்குள் ஆளகலத்துக்கு ஒரு வெற்றிடம் இருந்தது. அதிலிருந்து ஏதோ சலசலவென்று சரிந்துகொண்டே இருந்தது. மூட்டை பிரிந்த தானியம்போல. தூசி அடங்கிய பிறகு பொறியாளர் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார். மெல்லிய பலகைக்கல் துண்டுகள், ஓட்டுத் துண்டுகள். எல்லாம் மோதிர விரல் நீளம். எல்லாம் நடுவில் பிளந்தவை. ஒவ்வொன்றின் முனையிலும் காய்ந்த சுண்ணாம்பு; ஓரத்தில் கீறிய தேதி. எத்தனையோ கை எழுத்துகள். ஒரே தேதி பத்து இருபது துண்டுகளில் இருந்தது. இருப்பதிலேயே பழைய தேதி, கோபுரம் கட்டி முடித்த வருடம்.

உள்பக்கம் போய்த் தேடினார்கள். கறுப்புக் கல்லுக்கு நேர் மேலே, மெழுகுவர்த்தித் தண்டை நகர்த்தியதும், கல் இடுக்கில் ஒரு கை நுழையும் அளவுக்குத் துவாரம் இருந்தது. அதன் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை கோயில்பிள்ளைகளின் கை போய்வந்தால் ஒரு கல் அப்படித் தேயும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

குவியலின் உச்சியில் ஒரே ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தது. சிவப்பு வண்ணம். கோணல் எழுத்து. மணிக்காரம்மாவுக்கு அந்தக் கையைத் தெரியும். அந்தத் துவாரத்தைப் பற்றிக் கணவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவருக்கு யார் காட்டினார்கள் என்றும் தெரியவில்லை. அவருக்கு முன்னால் இருந்த கோயில்பிள்ளை அவர் வேலைக்கு வரும் முன்பே இறந்துபோயிருந்தார்.

அவள் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது வடக்குச் சுவரைக் கல் கல்லாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். புதிய மணி இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது. சாமியார் மூன்று வாரம் கழித்து, தெற்கு வாசல் சாவியை அவளுக்குக் கொடுத்தனுப்பினார். பூசை தெற்குப் பக்கத்து அறையில் நடக்கிறது. அவள் அதைப் பெருக்குகிறாள். மணி இல்லாவிட்டாலும் ஊருக்கு அவள் மணிக்காரம்மாதான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில், சன்னலுக்குக் கீழே, தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. குடிபோன வாரமே அவள் படச்சட்டக் கடைக்குப் போய் ஒரு துண்டு கண்ணாடி வெட்டி வாங்கி வந்தாள். சாந்து குழைத்து விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினாள். ஓரத்தில் தேதி எழுதினாள். அன்றைய தேதி.

மகள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "அது எதுக்கும்மா இங்கேயும்?"

"உடையறதுக்குத்தான்," என்றாள் மணிக்காரம்மா.

தினமும் பன்னிரண்டு மணிக்கு அவள் கை வேலையைப் போட்டுவிட்டு அதன் முன்னால் வந்து நிற்கிறாள். தெருவுக்கு அந்தப் பக்கம் ஓசை எதுவும் இல்லை. அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருக்கிறாள்.